கபிஸ்தலத்தில் நின்றுபோன நடை

இரண்டு வருஷத்துக்கு முந்தின மாசியில் ஒரு காலை, கபிஸ்தலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் கூட வரவில்லை. குதிகாலில் உடைந்திருந்த கொப்புளத்தோடு அது ஒட்டிப்போயிருந்தது. கடைக்காரர் ஒரு செம்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து, "இழுக்காதம்மா, நனைச்சு எடு" என்றார். நனைத்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியோடு நடந்து போக வேண்டும் என்று நானும் என் நாத்தனாரும் கிளம்பி அன்றைக்கு மூன்றாம் நாள். பாபநாசத்தில் இருக்கிற என் வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான், ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அந்த மூன்று கிலோமீட்டரையும் ஆட்டோவில்தான் போனேன்.

அடுத்த மாசியில் அதே வழியில் நடந்து முடித்தோம். எட்டு நாள், கைபேசிக் கணக்கில் 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு நடைக்கும் நடுவில் நாங்கள் மாற்றிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 44, தையல் வேலை, நாள் முழுக்க மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். நாத்தனாருக்கு 39, நான்கு வருஷமாகச் சர்க்கரை. எங்களால் முடிந்தது என்றால் நிறையப் பேரால் முடியும். ஆனால் தயாராகாமல் முடியாது.

முதல் தடவை தயாராகாததற்குக் காரணம் இருந்தது. நம்ம பக்கம் மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. வெள்ளியங்கிரி போகிறவர்கள்தான் மாதக்கணக்கில் பழக வேண்டும், வயல்வெளியில் நடக்க என்ன பயிற்சி என்று நினைத்துவிட்டோம். மாலையில் மொட்டை மாடியில் அரைமணி நேரம் நடந்தோம், அவ்வளவுதான். சமதரையின் கஷ்டம் வேறு மாதிரி என்பது நடந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 அடி எடுத்து வைக்கிறோம். மேடு பள்ளமான பாதையில் கால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பதியும், பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தார் ரோட்டில் அப்படி இல்லை. பாதத்தின் அதே இடம், குதிகாலின் அதே ஓரம், 20 கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு காலிலும் 13,000 தடவை அடி வாங்குகிறது. எனக்கு மூச்சு வாங்கவே இல்லை, பாதம்தான் தாங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரோடு பார்வைக்குத்தான் சமம். மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் நடக்கிற மாதிரிதான். முதல் வருஷம் திருவையாறு வருவதற்குள் என் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்ததற்கு இதுதான் காரணம். இரண்டாம் முறை, ஆற்றங்கரை மேல் மண்பாதை கிடைத்த இடத்திலெல்லாம் அதில் ஏறிவிட்டோம். வண்டி வராத ஊர்ச்சாலையில் நடுவே நடந்தோம். பெரிய ரோட்டில் மட்டும் வலது ஓரம், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. கரும்பு டிராக்டர் முதுகுக்குப் பின்னால் வருவதைவிட எதிரே வருவது எவ்வளவோ மேல்.

இரண்டாம் தடவை கார்த்திகை பிறந்ததும் தொடங்கினோம், நடைக்கு 13 வாரம் முன்னால். டெல்டாவில் அது அடைமழைக் காலம். மழை விட்ட நாளில் குடமுருட்டிக் கரை. விடாத நாளில் எங்கள் ஊர் 108 சிவாலயத்தில் லிங்கங்கள் வரிசையாக இருக்கிற பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவோம். குருக்கள் முதலில் ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும், "சுத்துங்கோ, அவருக்கும் சந்தோஷம்தான்" என்றார். அந்த வெறுங்கால் நடை நாங்கள் எதிர்பார்க்காத நன்மை ஒன்றைச் செய்தது. இத்தனை வருஷம் மிஷின் மிதித்தே பழகிய பாதத்துக்குக் கல்தரையில் நடந்து நடந்து பலம் வந்தது.

வாரத்தில் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமான நடை. அது எட்டில் ஆரம்பித்து மெல்ல மெல்ல 24 வரை போனது. போன வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்துக்கொண்டோம், நான்காவது வாரம் வந்தால் குறைத்துக்கொள்வோம். ஆசையில் ஒரு ஞாயிறு 12-லிருந்து 18-க்குத் தாவினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பத்து நாள் வலித்தது. தசை சீக்கிரம் பழகிவிடுகிறது, எலும்பும் தசைநாரும் அப்படிப் பழகுவதில்லை.

இந்தப் பயிற்சியில் எதை விட்டாலும் கடைசி நான்கு வாரத்தை விடாதீர்கள் என்பேன். அதில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நடந்தோம். ஒரே நாளில் 25 கிலோமீட்டர் நடப்பது ஒரு விஷயம். நேற்று 20 நடந்த காலோடு இன்றைக்கு விடியற்காலை எழுந்து மறுபடி 20 நடப்பது முற்றிலும் வேறு. முதல் ஞாயிறு கட்டிலிலிருந்து இறங்கும்போது நாத்தனார், "அண்ணி, இது என் காலே இல்ல" என்றாள். நான்காவது ஞாயிறு எதுவும் சொல்லவில்லை, ஷூவை எடுத்து மாட்டினாள். கடைசிப் பத்து நாள் நடையைப் பாதியாகக் குறைத்தோம், உடம்பு ஆறட்டும் என்று.

மலை இல்லாத ஊரில் தொடைக்கும் முழங்காலுக்கும் பலம் வர என்ன செய்வது என்று கேட்டால், எங்களுக்கு சுவாமிமலை இருந்தது. அறுபது தமிழ் வருஷத்துக்குக் கணக்காக 60 படி. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கூட்டமில்லாத நேரமாகப் போய் ஐந்து முறை ஏறி இறங்குவோம். ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதில்தான் முழங்காலுக்குப் பலம் கிடைக்கிறது. முதுகுப் பையில் இரண்டு கிலோ பொன்னி அரிசி வைத்து ஆரம்பித்து ஐந்து கிலோ வரை ஏற்றினோம். அரிசி முதுகோடு படிந்து உட்காரும், உறுத்தாது.

இனி ஷூ. முதல் தடவை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் புதுசு வாங்கினேன், என் சரியான அளவில். அது தப்பு. நடக்க நடக்கப் பாதம் வீங்கும். அதனால் சாயங்காலமாகப் போய், நடக்கும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருக்கிற மாதிரி வாங்க வேண்டும். வாங்கியதில் நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்கியிருக்க வேண்டும். சாக்ஸ் விஷயம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். விடியற்காலைப் புல்லில் நடந்தால் அரைமணியில் சாக்ஸ் சொதசொதவென்று ஆகிவிடும். ஈரமும் உராய்வும் சூடும் சேர்ந்தால் கொப்புளம்தான். சீக்கிரம் காய்கிற செயற்கை இழை சாக்ஸ் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டோம். விரல் பக்கம் தையல் மடிப்பு தடித்திருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சுடிதாரின் உள்தொடைத் தையலையும் பிரித்துத் தட்டையாக மடித்து மறுபடி அடித்தேன். உள்ளே ஒரு டைட்ஸும் கொஞ்சம் வாஸ்லினும் இருந்ததால் முதல் வருஷம் ரணமான இடத்தில் இந்த முறை ஒன்றுமே இல்லை.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சுடும், நெருப்புக்குச்சியைக் கிட்டே காட்டின மாதிரி. அப்போதே நிற்க வேண்டும். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நடந்த இரண்டு கிலோமீட்டர்தான் கபிஸ்தலத்தில் என்னை உட்கார வைத்தது. இரண்டாம் முறை சுட்ட இடத்திலேயே மதகுக் கட்டையில் உட்கார்ந்து, துடைத்து, காயவிட்டு, சுருக்கம் விழாமல் துணி பிளாஸ்டர் ஒட்டினோம். எட்டு நாளில் பதினோரு தடவை ஒட்டியிருப்போம். ஒன்றும் கொப்புளமாகவில்லை. வந்துவிட்டால் தோலைப் பிய்க்காதீர்கள். சின்னதாக இருந்தால் மூடிவிட்டால் போதும். பெரிதாகி வலித்தால், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தித் தண்ணீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, மருந்து போட்டுக் கட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. முதல் வருஷம் நாங்கள் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. குடித்தால் எங்கே ஒதுங்குவது என்ற பயம். இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. கொப்புளத்துக்கு முன்னாலேயே என் உடம்பு தோற்றுப்போயிருந்தது என்பதுதான் உண்மை. இந்த முறை அந்தப் பயத்தை விட்டோம். பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசலில் இருக்கிற கழிப்பறை எதையும் தாண்டிப் போகவில்லை, அவசரம் இல்லாவிட்டாலும் போய் வந்தோம். எதுவும் இல்லாத ஊரில் வாசலில் கோலம் போடுகிற பெண்ணிடம், "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்" என்று கேட்டோம். எட்டு நாளில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை. ஈச்சங்குடிப் பக்கம் ஒரு பாட்டி, "எந்தக் கோயிலுக்கும்மா நடக்குறீங்க?" என்று கேட்டார். பூம்புகாருக்கு, சும்மாத்தான் நடக்கிறோம் என்றோம். "சும்மா யாராச்சும் நடப்பாங்களா, வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுன்னு இருப்பீங்க" என்று சொல்லி ஆளுக்கு ஒரு சொம்பு நீராகாரம் கொடுத்தார். வெயிலில் நடக்கும்போது உப்புப் போட்ட நீராகாரத்துக்கும் மோருக்கும் ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பு இன்னும் தளரும். பையில் ஓஆர்எஸ் பொட்டலமும் இருந்தது. அது இல்லாதபோது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. அளவு முக்கியம், உப்பு கூடக் கூடாது. மாதவிலக்குத் தேதியையும் பார்த்துத்தான் நாள் குறித்தோம். நாப்கினோடு 20 கிலோமீட்டர் நடந்தால் தொடை என்ன ஆகும் என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது.

நாள் குறிப்பதில் இன்னும் கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கரை வழுக்கும். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே வெயில் அடித்துப்போடும். தை கடைசியிலிருந்து மாசி பாதி வரைக்கும்தான் நடைக்கு ஏற்ற காலம். ஆனால் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, கும்பகோணத்தில் மாசிமகம் நடக்கிற நாட்களில் தங்க இடம் கிடைக்காது, பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால் அப்போது ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். மணலில் இறங்கி நடந்தால் ரோட்டை விட்டுவிடலாமே என்று ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்த்தோம். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துவிட்டது. சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், மணல் அள்ளின பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாமல் கிடக்கும். ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்.

காலை நாலரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் முக்கால் பங்கு தூரத்தை முடித்துவிடுவோம். மிச்சம் நாலு மணிக்கு மேல். இருட்டில் டார்ச்சும், நான் தைத்த ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டையும். நாய்களுக்காக ஆளுக்கு ஒரு மூங்கில் கழி. அடிக்க அல்ல, தரையில் தட்டி நின்றாலே போதும். ஓடவே கூடாது. தவறிப்போய்க் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறுவடை நேரம் என்பதால் வைக்கோல் போரில் சாயவோ காய்கிற நெல்லுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கவோ இல்லை. எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும்.

கபிஸ்தலத்துக்கு இந்த முறையும் மூன்றாம் நாள்தான் வந்தோம். வீட்டுக்கு வரச்சொல்லி வீட்டுக்காரர் போன் செய்தார். போகவில்லை. போனால் படுத்துவிடுவேன் என்று தெரியும், அதனால் அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். யானையின் காலை முதலை கவ்வினதும், பெருமாள் வந்து விடுவித்ததும் அந்த ஊர்க் கோயிலின் கதை. சாயங்காலம் கஜேந்திர வரதர் சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றேன்.

மோசமான நாள் ஐந்தாவது. கும்பகோணத்திலிருந்து குத்தாலம், 26 கிலோமீட்டர் இருக்கும், இருப்பதிலேயே நீளமான நாள். ஆடுதுறை தாண்டும்போது மணி ஒன்பதரை, இன்னும் டிபன் சாப்பிடவில்லை. அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். நாத்தனார் பேச்சு குறைந்தது. திரும்பிப் பார்த்தால் கழியைப் பிடித்திருந்த கை நடுங்குகிறது, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. வெயில் அவ்வளவு இல்லை. "என்னடி பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்ல அண்ணி" என்கிறாள், ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. வாழைத் தோப்பு வேலியோரம் உட்கார வைத்து, அவள் பையின் வெளி ஜிப்பில் இருந்த குளுக்கோஸை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால்மணியில் முகம் தெளிந்தது. உடனே பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட வைத்தேன். நடக்கும்போது சர்க்கரை இறங்கும் என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டர் சொல்லி, நடக்கிற நாட்களுக்குக் காலை மாத்திரையைக் குறைத்துக் கொடுத்திருந்தார். அது அவளுக்கான அளவு, உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குளுக்கோஸை வெளி ஜிப்பில் வைக்கச் சொன்னதும் அவர்தான். பைக்குள் துணிக்கு அடியில் இருந்திருந்தால் நான் பதறிப்போயிருப்பேன். ஒவ்வொரு ராத்திரியும் கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அவள் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பேன். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறியிருந்தாலும் தெரியாது.

மெல்ல குத்தாலம் போய்ச் சேர்ந்து, மறுநாள் முழுக்க அங்கேயே இருந்தோம். அதனால் மயிலாடுதுறைக்கு ஒரு நாள் பிந்திப் போனோம். துலாக்கட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நாத்தனார்தான் சொன்னாள், "அண்ணி, நாமளும் முடவன் முழுக்குதான்." ஐப்பசி முழுக்க அங்கே துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு. கால் நடக்க முடியாத ஒருவர் அங்கே குளிக்க வேண்டும் என்று வெகு தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, கார்த்திகை முதல் தேதியில் குளித்தாலும் அதே புண்ணியம் என்று இறைவன் அருளினார் என்பது ஐதீகம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. நடந்து போய்க் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே காவிரியைப் பார்க்க மனசு கனத்துவிடும். கல்லணையில் அத்தனை அகலமாகப் பார்த்த ஆறு, வெண்ணாற்றுக்குப் பங்கு கொடுத்து, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்து, இங்கே வரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இது கண்ணில் பட்டதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிவதைக் கூடவே நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலையூர் தாண்டினதும் காற்றில் உப்பு வாடை வந்தது. நாத்தனார் கழியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள்.

பூம்புகார் கடற்கரையில் ஷூவைக் கழற்றிப் பார்த்தோம். எனக்கு இடது கால் சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது, அவளுக்குக் குதிகாலில் சின்ன வெடிப்பு, உப்புத் தண்ணீர் பட்டதும் எரிந்தது. வேறு ஒன்றுமில்லை. திரும்பும்போது மயிலாடுதுறை பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு. காலையிலிருந்து எங்கெங்கே உட்கார்ந்தோமோ அந்த மதகு, அந்தப் புளியமரம், அந்தப் பெட்டிக்கடை என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள்.